மனத்தை அளக்க வல்லவர் யார்?



காய்ச்சல் கண்ட குழந்தைக்கு வெப்பமானியை வைத்துப் பார்க்கிறோம். அது காட்டும் அளவை எழுத்தறிந்த எவரும் படித்துவிடலாம். துணியை முழக்கோலும், அரிசியைப் படியும், பொன்னைத் தராசும் அளந்துவிடுகின்றன. ஆனால், "இந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏன் ஏறவில்லை?", "அம்மா இறந்த பின் அப்பாவுக்கு வந்திருப்பது மறதி நோயா, மனச்சோர்வா?", "என் தங்கை உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தில் இருக்கிறாளோ?" என்னும் வினாக்கள் எழும்போது எந்தக் கோலை எடுத்து அளப்பது?

இத்தகைய வினாக்களுக்கு முறைப்படி விடை தேடுவதற்கென்றே ஒரு கலை வளர்ந்திருக்கிறது. அதற்கு உளவியல் மதிப்பீடு என்று பெயர். அதைக் கற்றவரே மருத்துவ உளவியலார்.

பங்குப் பணியிலுள்ள குருக்களிடம் பெற்றோர் சிலர் ஒரு தாளை நீட்டுவதுண்டு. அதில் பல வரிகள் இருந்தாலும் அவர்கள் கண் ஓர் எண்ணிலேயே பதிந்திருக்கும். "நுண்ணறிவு ஈவு 68 என்று எழுதியிருக்கிறார்கள், சுவாமி. இவன் வாழ்வு அவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். இதற்கு நேர்மையான விடை வேண்டுமாயின், அந்த எண்ணைத் தந்தவர் யார், அதைத் தருவதற்கு அவர் என்ன பயின்றார் என்பதை முதலில் அறிய வேண்டும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவர் மருத்துவரா?

மனநோய் மருத்துவர் வேறு, மருத்துவ உளவியலார் வேறு. முன்னவர் மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின் மனநோய்ப் பிரிவில் தேர்ந்தவர். மருந்து எழுதித் தருபவர். பின்னவர் உளவியலில் முதுகலையும் அதற்கு மேலும் கற்றவர். பேச்சின் வழியாகவும் பயிற்சியின் வழியாகவும் சிகிச்சை தருவதோடு, ஒருவருடைய நினைவு, அறிவு, உணர்ச்சி, ஆளுமை ஆகியவற்றைச் சோதனைகளால் ஆராய்ந்து அறிக்கை எழுதுவதும் இவர் பணி. நல்ல மருத்துவமனைகளில் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நின்று பணியாற்றுகின்றனர்.

ஒரு சிறுவனின் எழுத்துப்பிழை

இத்துறை தோன்றியது ஒரு பள்ளிப் பிள்ளையின் இடரிலிருந்து என்றால் வியப்பாக இருக்கலாம். 1896-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் என்னும் பேராசிரியரிடம் ஓர் ஆசிரியை 14 வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்துவந்தார். மற்றப் பாடங்களில் குறையில்லாத அவன் சொற்களைப் பிழையின்றி எழுத இயலாமல் தவித்தான். விட்மர் அவனை "மந்தன்" என்று கூறி அனுப்பிவிடவில்லை. பொறுமையுடன் சோதித்தார். அவன் கண்பார்வையில் கோளாறு இருப்பதைக் கண்டறிந்தார். கண்ணாடி அணிவித்துத் தனியாகப் பாடமும் சொல்லித் தந்தபோது அவன் முன்னேறினான். அந்த ஆண்டே விட்மர் அங்கு உலகின் முதல் உளவியல் சிகிச்சைக்கூடத்தைத் தொடங்கினார்.

இந்நிகழ்ச்சியிலேயே மதிப்பீட்டுக் கலையின் சாரம் அடங்கியிருக்கிறது. "இவன் எவ்வளவு குறைந்தவன்?" என்று அவர் கேட்கவில்லை, "இவனுக்குத் தடையாக இருப்பது எது, நாம் செய்யக்கூடியது என்ன?" என்றே கேட்டார்.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1905-இல், பிரான்சு நாட்டின் ஆல்ஃபிரெட் பினே, தியோடோர் சிமோன் என்னும் இருவர் முதல் நுண்ணறிவுச் சோதனையை வெளியிட்டனர். வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளுள் தனிக் கவனம் தேவைப்படுவோரை இனங்காண்பதே அதன் நோக்கம். ஒருவருடைய அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்டு என்றும் மாறாமல் இருக்கிறது என்ற கருத்தைப் பினே வன்மையாக மறுத்தார். உதவி செய்வதற்காகவே அவர் அக்கருவியைப் படைத்தார்.

எண் தீர்ப்பான கொடுமை

அக்கருவி கடல் கடந்து அமெரிக்கா சென்றபோது அதன் நோக்கம் திரிந்தது. "அறிவு குன்றியோர் பெருகினால் நாடு கெடும்" என்ற எண்ணம் அங்குப் பரவியிருந்த காலம் அது. வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற ஏழைப் பெண் பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கருவுற்றாள். அவளை வளர்த்த குடும்பத்தினர் 1924-இல் அவளை ஒரு காப்பகத்தில் சேர்த்துவிட்டனர். அவளுடைய தாயும் அங்கேயே அடைக்கப்பட்டிருந்தாள். இருவருக்கும் பினேயின் முறையில் சோதனை நடத்தி, "அறிவு குன்றியவர்கள்" என்று எழுதினார்கள். கேரியின் குழந்தை விவியனையும், அது ஏழெட்டு மாதச் சிசுவாக இருக்கும்போதே, ஒரு சமூகப் பணியாளர் பார்த்த பார்வையை வைத்து இயல்பற்றது என்று முடிவு கட்டினர்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1927-இல், எட்டு நீதிபதிகளுக்கு எதிராக ஒரே ஒருவர் மாறுபட, கேரிக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் எனத் தீர்ப்பாயிற்று. மாறுபட்டு நின்ற பியர்ஸ் பட்லர் ஒரு கத்தோலிக்கர். அவ்வாண்டு அக்டோபரில் அறுவை நடந்தேறியது. பல மாநிலங்களில் 60,000-க்கும் மேற்பட்டோர் இத்தகைய சட்டங்களின்கீழ் கருத்தடைக்கு ஆளாயினர். 1930-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் திருமணம் பற்றிய தம் சுற்றுமடலில் இக்கொடுமையை வெளிப்படையாகக் கண்டித்தார்.

சிசுவாக இருந்தபோதே "இயல்பற்றது" என்று முத்திரை குத்தப்பட்ட விவியன் பள்ளிக்குச் சென்றாள். நன்கு படித்துச் சிறப்பு மாணாக்கர் பட்டியலிலும் இடம் பெற்றாள். 1932-இல், எட்டு வயதில், நோய் கண்டு இறந்தாள். அவளுடைய தாய் கேரி 1983 வரை வாழ்ந்தார். பிற்காலத்தில் அவரைச் சந்தித்தவர்கள் அவரிடம் அறிவுக் குறை எதையும் காணவில்லை.

வாசகர்களே, சோதனைத் தாள் ஒன்று தகுதியற்ற கையில், தவறான நோக்கத்துக்கு அகப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? மருத்துவ உளவியலாருக்கு இன்று இவ்வளவு நீண்ட பயிற்சி வற்புறுத்தப்படுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

பயிற்சி முறை உருவான வகை

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது, மனம் முறிந்து திரும்பிய போர்வீரர்களுக்கு உதவப் போதிய உளவியலார் அமெரிக்காவில் இல்லை. அரசு பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து 1946-இல் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. டேவிட் ஷாகோ என்பவர் தலைமையிலான குழு 1947-இல் அத்திட்டத்துக்கு வரையறை தந்தது. 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் இரண்டு வாரம் கூடிய மாநாடு அதை உறுதி செய்தது. மருத்துவ உளவியலார் முதலில் ஆராய்ச்சி அறிந்த அறிஞராகவும், அதனோடு நோயாளியிடம் பணிபுரியத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும் என்பதே அம்மாநாட்டின் முடிவு. பணித்திறனுக்கே முதலிடம் தரும் மற்றொரு வழியும் வேண்டும் என 1973-இல் வேல் நகரில் கூடிய மாநாடு ஏற்றுக்கொண்டது. இன்று அமெரிக்காவில் இவ்விரு வழிகளும் உள்ளன.

எந்த வழியாயினும் பயணம் நெடியது. இளங்கலைக்குப் பின் முனைவர் பட்டம் பெற ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். முதலில் வகுப்பறைப் பாடம். பின்னர் மேற்பார்வையாளரின் கண்பார்வையில் செயல்முறைப் பயிற்சி. இறுதியில் மருத்துவமனை போன்ற இடத்தில் ஓராண்டு முழுநேரப் பயிற்சி. அதன்பின் தேர்வெழுதி உரிமம் பெற்றால்தான் தனித்துப் பணிபுரியலாம்.

வகுப்பறையில் நிகழ்வது

சோதனை நடத்துவது எளிதன்றோ, வினாத்தாளில் உள்ளதைக் கேட்டு விடையைக் குறித்தால் போதாதா என்று கேட்கலாம். மாணவரும் முதல் நாளில் அப்படித்தான் எண்ணுவர். நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் பணியாற்றிய டேவிட் வெக்ஸ்லர் 1939-இல் வெளியிட்ட சோதனையும், அதன் வழிவந்த புதிய பதிப்புகளும் பயிற்சியில் முதலிடம் பெறுகின்றன. கட்டைகளை அடுக்குதல், எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், சொற்களுக்குப் பொருள் கூறுதல் முதலிய பல பகுதிகள் அதில் உண்டு.

மாணவர் முதலில் தம் வகுப்புத் தோழரிடமும், இசைவு தந்த பிறரிடமும் அதை நடத்திப் பழகுவர். கையேட்டில் உள்ள சொற்களை ஓர் எழுத்தும் மாறாமல் கூற வேண்டும். நேரக் கடிகாரத்தை இயக்க வேண்டும். குழந்தை சொல்வதை அப்படியே எழுத வேண்டும். விடை தெளிவின்றி இருந்தால், குறிப்புக் காட்டாமல் மேலும் கேட்க வேண்டும். சரியான விடைக்கு முகம் மலர்வதும், தவறான விடைக்கு முகம் சுருங்குவதும் கூடாது. குழந்தையின் முயற்சியை மட்டுமே பாராட்டலாம். இத்தனைக்கும் இடையில் குழந்தை அஞ்சாமல் இருக்கும்படி அன்பும் காட்ட வேண்டும். மதிப்பெண்ணைக் கூட்டுவதிலும் அட்டவணையைப் பார்ப்பதிலும் மாணவர் மிகுதியாகப் பிழை செய்கின்றனர் என்றும், பலமுறை நடத்திப் பழகுவதால் மட்டும் அப்பிழைகள் குறைவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒவ்வொரு தாளையும் மூத்தவர் ஒருவர் திருத்திப் பிழையைச் சுட்டினால்தான் கை திருந்துகிறது. மேற்பார்வை இன்றியமையாதது என்று சொல்வதன் காரணம் இதுவே.

மதிப்பெண்ணோடு குழந்தையின் நடத்தையையும் கவனிக்கப் பயில்கின்றனர். பசியோடு வந்தானா? காது கேட்கிறதா? எளிய வினாவைத் தவறவிட்டுக் கடினமான வினாவுக்கு விடை சொன்னானா? தோற்றவுடன் சோர்ந்தானா, மீண்டும் முயன்றானா? முதியோரைச் சோதிக்கும்போதும் இதுவே முறை. மனச்சோர்வுற்றவர் பலர், "எனக்குத் தெரியாது" என்று முயலாமலே விட்டுவிடுவர். சிறிது குறிப்புத் தந்தால் மறந்த சொல் அவர்களுக்கு நினைவுக்கு வந்துவிடும். அல்சைமர் மறதி நோய் கொண்டவர்க்கோ குறிப்புத் தந்தாலும் அவ்வளவாகப் பயன் இராது. இருவர் பெறும் மொத்த மதிப்பெண் ஒன்றாகவே இருக்கலாம். அவர்களுக்கு வேண்டிய மருத்துவம் வேறு.

எண்ணைப் படிக்கும் முறை

பெற்றோர் கொணர்ந்த 68 என்னும் எண்ணுக்கு வருவோம். இச்சோதனைகளில் சராசரி 100 என்று அமைத்திருக்கிறார்கள். மக்களில் மூவரில் இருவர் 85-க்கும் 115-க்கும் இடையில் நிற்பர். ஆனால் எந்தச் சோதனையிலும் அளவைப் பிழை உண்டு. ஒரே பிள்ளையை வேறொரு நாளில் சோதித்தால் சில புள்ளிகள் கூடும் அல்லது குறையும். ஆகவே நன்கு பயின்றவர் ஒற்றை எண்ணோடு நிறுத்தாமல், "உண்மை அளவு இதிலிருந்து இதற்குள் இருக்கலாம்" என்று ஒரு வீச்சையும் சேர்த்து எழுதுவார்.

இது வெறும் கணக்கு நுணுக்கம் அன்று. உயிரோடு தொடர்புடைய செய்தி. அறிவுசார் குறைபாடு உடையவருக்கு மரண தண்டனை விதித்தல் ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. 1978-இல் நடந்த கொலைக்காகத் தண்டிக்கப்பட்டிருந்த ஃபிரெடி லீ ஹால் என்பவர் இதன்படி விலக்குக் கோரினார். அவர் பெற்ற மதிப்பெண்களுள் ஒன்று 71. ஃபுளோரிடா மாநிலமோ, 70-க்கு மேல் ஒரு புள்ளி இருந்தாலும் வேறு சான்று எதையும் பாராமல் தள்ளிவிடும் முறையைக் கைக்கொண்டிருந்தது. 71 என்பது ஏறத்தாழ 66-இலிருந்து 76 வரையுள்ள வீச்சையே குறிக்கிறது என்பதை 2014-இல் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டி, அம்முறை செல்லாது என்றது. 2016-இல் அவருடைய மரண தண்டனை நீங்கியது. உளவியல் மாணவர் தம் முதலாண்டில் கற்கும் அளவைப் பிழை, ஒரு மனிதர் உயிரோடு இருப்பதா இறப்பதா என்பதையே மாற்றிவிட்டது.

மேலும், அறிவுசார் குறைபாடு என்று கூற எண் மட்டும் போதாது. உண்பது, உடுப்பது, பணம் எண்ணுவது, பிறரோடு பழகுவது ஆகிய அன்றாட வாழ்வில் பிள்ளை எப்படி நடக்கிறான் என்பதைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கேட்டறிய வேண்டும். குறை வளரும் பருவத்திலேயே தோன்றியதா என்பதையும் பார்க்க வேண்டும். இவற்றைக் கேளாமல் எழுதிய சான்று முழுமையான மதிப்பீடு ஆகாது.

யாரோடு யாரை ஒப்பிடுவது?

மதிப்பெண் என்பதே ஓர் ஒப்பீடு. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாத்தவே, மெக்கின்லி என்னும் இருவர் 1943-இல் வெளியிட்ட ஆளுமை வினாப்பட்டியல் உலகப் புகழ் பெற்றது. அது இயல்பானவர் என்று அளவுகோலாகக் கொண்டவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் அப்பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நோயாளிகளைப் பார்க்க வந்த, அம்மாநிலத்து வெள்ளை இனத்தார். நாடெங்கும் பிற இனத்தாரையும் பட்டணத்தாரையும் பல்லாண்டு அவர்களோடுதான் ஒப்பிட்டு வந்தனர். 1989-இல்தான் பரந்த மக்கள்தொகையைக் கொண்டு அது திருத்தப்பட்டது.

மொழியும் இவ்வாறே. கலிபோர்னியாவில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது குழந்தைகளை ஆங்கிலத்தில் சோதித்து, அறிவு குன்றியோர் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். அவர்களுடைய தாய்மொழியில் மீண்டும் சோதித்தபோது பெரும்பாலானோர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டனர். 1970-இல் அவ்வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்டது. வீட்டில் தமிழும் பள்ளியில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகளின் பெற்றோர் இதை மனத்தில் பதித்துக்கொள்வது நன்று.

எல்லார்க்கும் பொருந்தும் சொல்

பெர்ட்ராம் ஃபோரர் என்னும் உளவியலார் 1949-இல் வெளியிட்ட சோதனை ஒன்று, பயிற்சி பெறும் ஒவ்வொருவருக்கும் எச்சரிக்கையாகச் சொல்லப்படுகிறது. தம் மாணவர்க்கு ஆளுமைச் சோதனை நடத்திய அவர், பின்னர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அறிக்கை தந்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என ஐந்துக்கு மதிப்பிடச் சொன்னபோது, சராசரியாக நான்குக்கும் மேல் தந்தனர். உண்மையில் அனைவருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கைதான்! அதன் வரிகளைக் கடையில் விற்ற சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

"சில வேளை கலகலப்பாக இருப்பீர், சில வேளை ஒதுங்கியிருப்பீர்" என்பது போன்ற சொற்கள் எவருக்கும் பொருந்தும், எவரைப் பற்றியும் ஒன்றும் சொல்லாதவை. நாள்பலன் படித்து வியப்பவர் இதைக் கருத வேண்டும். நல்ல அறிக்கையில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் அந்த ஒருவருக்கே உரியதாகவும், அதற்கான சான்று காட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இதற்காக மேற்பார்வையாளர் மாணவரின் அறிக்கையை மீண்டும் மீண்டும் திருத்தி எழுதச் செய்கிறார்.

கேட்கவும் காக்கவும் பயில்தல்

சோதனைத் தாள்களோடு, நேரில் உரையாடும் முறையும் பயிற்சியில் அடங்கும். வாழ விருப்பமின்றித் தவிப்பவரிடம், "உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா?" என்று நேராகக் கேட்கக் கற்பிக்கிறார்கள். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். கேட்பதால் அவ்வெண்ணம் வளர்வதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. மாறாக, யாரிடமும் சொல்ல இயலாமல் புழுங்கியவருக்கு அது ஒரு வாயிலைத் திறந்துவிடும்.

கேட்டதை மறைபொருளாகக் காப்பதும் அவர் கடமை. ஆயினும் ஒப்புரவு அருட்சாதனத்தின் மறைகாப்பு போன்றதன்று இது. அங்கு விதிவிலக்கே கிடையாது. உளவியலாரோ, ஓர் உயிருக்கு ஆபத்து நேரும் என்றாலும், ஒரு குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்றாலும், உரியவர்க்குத் தெரிவிக்க வேண்டியவர். இதைத் தொடக்கத்திலேயே வந்தவரிடம் சொல்லிவிடுவது நெறி.

பிட்ஸ்பர்க் நகரில் உள்ள டூகேன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியை கான்ஸ்டன்ஸ் ஃபிஷர் இக்கலைக்கு ஒரு புதிய வழி காட்டினார். சோதிக்கப்படுபவரை வெறும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளாமல் உடன் ஆராயும் துணைவராகக் கொள்ள வேண்டும் என்று 1985-இல் எழுதிய நூலில் அவர் விளக்கினார். ஆஸ்டின் நகரின் ஸ்டீஃபன் ஃபின் இதை மேலும் வளர்த்தார். "உங்களைப் பற்றி நீங்கள் அறிய விரும்பும் வினா எது?" என்று கேட்டே அவர் மதிப்பீட்டைத் தொடங்குவார், முடிவில் அவ்வினாவுக்கே விடை சொல்வார்.

குருக்களும் இத்துறையும்

திருச்சபை இத்துறையை ஒதுக்கிவிடவில்லை. எட்வர்ட் பேஸ் என்னும் குரு, புதிய உளவியலின் தந்தையாகிய வில்ஹெல்ம் வுண்ட் என்பாரிடம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பயின்று, 1891-இல் முனைவர் பட்டம் பெற்றார். வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வுக்கூடம் அமைத்தார். அவருடைய மாணவரான குரு தாமஸ் வெர்னர் மூர் மருத்துவமும் பயின்று, 1916-இல் அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில் மனநோயாளர்க்குச் சிகிச்சைக்கூடம் திறந்தார்.

குருத்துவத்துக்கு வரும் இளைஞரிடம் உளவியலைப் பயன்படுத்துவது பற்றி 2008-இல் உரோமை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அந்த இளைஞர் அனைத்தையும் அறிந்து, முன்னதாகவே, தன்விருப்பத்தோடு இசைந்தாலன்றி அவரைச் சோதித்தல் ஆகாது என்பது அதில் உறுதியாகக் கூறப்பட்டுள்ளது. உள்ளத்தை முற்றும் அறிந்தவர் இறைவன் ஒருவரே. பிறர் அதன் வாயிலில் நின்று அனுமதி கேட்டே நுழைய வேண்டும்.

நம் நாட்டில்

பெங்களூரில் 1954-இல் அனைத்திந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டே அங்கு மருத்துவ உளவியலில் பட்டயப் படிப்பும் தொடங்கிற்று. அதுவே 1974-இல் நிம்ஹான்ஸ் ஆக வளர்ந்தது. மேலைநாட்டுச் சோதனைகளை நம் மக்களுக்கேற்ப மாற்றும் பணி அதற்கு முன்பே நடந்தது. 1930-களில் தார்வாரில் காமத் என்பவர் பினேயின் சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கேற்ப அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவரையும் சோதிக்கும் வகையில் பாட்டியா 1955-இல் ஒரு தொகுப்பை வெளியிட்டார். வெக்ஸ்லரின் குழந்தைகள் சோதனையை நாகபுரியில் மாலின் 1969-இல் இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றதாக்கினார். சொற்களை மொழிபெயர்ப்பது மட்டும் இதற்குப் போதாது. நம் குழந்தைகள் பலரைச் சோதித்து ஒப்பீட்டு அளவைப் புதிதாக வகுக்க வேண்டும். காலம் செல்லச் செல்ல அந்த அளவும் பழையதாகிவிடும். ஆகவே எந்தப் பதிப்பு, எந்த ஆண்டினது என்று கேட்பதும் நியாயமே.

1992-இல் இயற்றப்பட்ட சட்டம் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தை நிறுவியது. அதன் பதிவேட்டில் மருத்துவ உளவியலாரும் அடங்குவர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முதுகலைக்குப் பின் மேற்பார்வையோடு கூடிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். பயிற்சியையோ, அக்குழுமம் ஏற்ற மருத்துவ உளவியல் தகுதியையோ இப்பெயருக்கு உரியதாகக் குறிக்கிறது. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியபோதும், இத்துறைக்குச் சில ஆண்டுகள் நீட்டிப்புத் தரப்பட்டது. பட்டத்தின் பெயர் மாறலாம். தேர்ந்தவரின் மேற்பார்வையில் நோயாளிகளிடையே பயிலும் முறை மாறலாகாது. வாரக் கடைசியில் நடக்கும் குறுகிய வகுப்பில் கலந்துகொண்டு சான்றிதழைச் சுவரில் மாட்டியவரும், இப்பயிற்சி பெற்றவரும் ஒன்றாகார்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

உங்கள் பிள்ளையையோ முதியவரையோ மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்லும்போது சில வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள். சோதிப்பவர் மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா? எந்த வினாவுக்கு விடை காண இச்சோதனை நடக்கிறது? பிள்ளைக்கு நன்கு வரும் மொழியில் நடக்குமா? கண்ணும் காதும் முன்பே பார்க்கப்பட்டனவா? முடிவை நேரில் அமர்ந்து விளக்குவார்களா? அதன்பின் நாங்கள் செய்ய வேண்டியது என்ன? நன்கு பயின்றவர் இவ்வினாக்களால் சினங்கொள்ள மாட்டார். சோதனை வினாக்களை முன்கூட்டிக் காட்டுமாறு மட்டும் கேட்காதீர்கள். முன்னே தெரிந்துவிட்டால் சோதனை பயனற்றுப்போகும்.

பிள்ளையின் எண்ணை உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் சொல்லித் திரியாதீர்கள். பள்ளிக்குத் தேவையான அளவு தெரிவித்தால் போதும். அறிவுசார் குறைபாடும் கற்றல் குறைபாடும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம் பெற்றுள்ளன. முறையான சான்று பெற்றால் பிள்ளைக்கு உரிய சலுகைகள் கிடைக்கும். அதை வெட்கம் கருதி மறைப்பது பிள்ளையின் உரிமையைப் பறிப்பதாகும்.

68 என்ற எண்ணோடு வந்த அந்தப் பெற்றோருக்கு உரிய விடை இதுதான்: அந்த எண் ஒரு நாளின் ஒரு வேளையில், ஒரு கருவி காட்டிய அளவு. அதைச் சுற்றி ஒரு வீச்சு உண்டு. தக்கவர் நடத்தியிருந்தால், பிள்ளைக்கு எங்கே துணை வேண்டும் என்பதை அது காட்டும். அவ்வழியில் உடனே முயலுங்கள். ஐயம் இருந்தால் தகுதி பெற்ற வேறொருவரிடம் மீண்டும் காட்டுங்கள். அவன் உங்களுக்கு எவ்வளவு அருமையானவன் என்பதையும், நாளை எவ்வளவு வளர்வான் என்பதையும் அளக்கும் சோதனை எதுவும் இன்னும் உருவாகவில்லை. ஆகவே அந்தத் தாளைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். அதில் எழுதியுள்ள பரிந்துரைகளை ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்குங்கள்.